அக்டோபர் 1985: ஈயம், அமாங், சூரியன்

மலாக்காவின் உம்பாய்க் கடலில் ஒரு கன மீட்டர் தண்ணீரை அள்ளினால் அதில் ஏறத்தாழ 33 கிராம் டியூட்டீரியம் இருக்கும். ஹைட்ரஜனின் கனத்த வகை அது. சாதாரண ஹைட்ரஜனைவிட ஒரு நியூட்ரான் கூடுதல், அவ்வளவுதான். அந்த 33 கிராமையும் ஹைட்ரஜனின் இன்னும் கனத்த வகையான டிரிட்டியத்தோடு சேர்த்து முழுக்க இணைத்துவிட முடிந்தால் கிடைக்கும் வெப்பம், நல்ல நிலக்கரி ஆயிரம் டன் எரிந்து தரும் வெப்பத்துக்குச் சமம். இந்தக் கரையில் நின்றால் நீரிணையில் கப்பல்கள் வரிசை பிடித்துப் போவது தெரியும். கலிமந்தான் நிலக்கரி ஜிமாவுக்கும் காப்பாருக்கும் மஞ்சோங்குக்கும் போவது இந்த வழியாகத்தான். எரிபொருளைச் சுமந்த கப்பல் அதைவிடப் பெரிய எரிபொருளின்மேல் மிதந்து போகிறது.

இப்படி ஒரு கணக்கைச் சொன்னால் எந்தக் கூட்டத்திலும் கைத்தட்டல் நிச்சயம். அணுக்கரு இணைவைப் பற்றிய மேடைப் பேச்சுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. பல இங்கேயே முடிந்தும் விடுகின்றன. கடல் எல்லோருக்கும் பொது, ஆகவே எரிபொருளும் பொது, இனி யாரும் எண்ணெய்க்காக யார் வாசலிலும் நிற்க வேண்டாம் என்பது அவற்றின் சாரம்.

கணக்கின் மறுபாதியையும் எழுதிவிடுவோம். 33 கிராம் டியூட்டீரியத்துக்கு ஜோடியாக 49 கிராம் டிரிட்டியம் வேண்டும். அது கடலிலிருந்து எடுக்கும் அளவுக்கு இல்லை, எந்த மலையைத் தோண்டினாலும் கிடைக்காது. அதன் அரைவாழ்வு 12.3 ஆண்டு. இன்று சேமித்து வைத்தால் பேரப்பிள்ளை காலத்தில் பெரும்பகுதி ஹீலியமாகிப் போயிருக்கும். இப்போது உலகத்தில் கிடைப்பது கனடா வகைக் கனநீர் அணு உலைகளின் துணைப்பொருளாக வருவதுதான். ராணுவக் கையிருப்பை விட்டுவிட்டால் மொத்தம் சுமார் 25 கிலோ. ஒரு கிராமின் விலை முப்பதாயிரம் அமெரிக்க டாலர் என்கிறார்கள். ஆயிரம் மெகாவாட் இணைவு ஆற்றலை ஓர் ஆண்டு முழுக்கத் தரும் உலைக்கு மட்டும் 55 கிலோ தேவை. ஆகவே இணைவு உலை தன் எரிபொருளைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும். இணைவில் பிறக்கும் நியூட்ரான், சுவரில் பதித்த லித்தியத்தைத் தாக்கி டிரிட்டியத்தை உண்டாக்க வேண்டும். தாளில் இது சரியாக வருகிறது. முழு அளவில் ஓர் உலையிலும் இன்றுவரை செய்து காட்டப்படவில்லை. அதுவும் எல்லா லித்தியமும் ஆகாது, இயற்கை லித்தியத்தில் 7.5 விழுக்காடே இருக்கும் லித்தியம்-6 வேண்டும். அதைப் பிரித்தெடுக்க அமெரிக்கா ஓக் ரிட்ஜில் 1950களிலும் 60களிலும் பாதரசத்தைப் பயன்படுத்தியது. ஓடையிலும் மண்ணிலும் கலந்த அந்தப் பாதரசத்தை இன்னும் வழித்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுவான கடலில் தொடங்கிய கதை இரண்டு பத்திக்குள் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

எனக்கு இணைவின் மீது அவநம்பிக்கை இல்லை. சொல்லப்போனால், அதன் நடுவில் எரியும் தீயைப் போலக் குற்றமற்ற தீ மனிதன் கைக்கு வந்ததே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தீக்கு உள்ளே போவதும் அதிலிருந்து வெளியே வருவதும் எந்த ஊர் வழியாக வருகின்றன, போகின்றன என்பதே என் கவலை. மலேசியாவில், அதிலும் தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு, இந்தக் கவலை இயல்பாகவே வந்துவிடுகிறது.

இணைவு ஏன் கடினம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு அணுக்கருக்களும் நேர்மின் சுமை கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். மிக வேகமாக மோதினால்தான் ஒட்டும். வேகம் என்றால் வெப்பம். சூரியனின் மையத்தில் ஒன்றரைக் கோடி பாகை. அங்கே ஒரு கன மீட்டரில் பிறக்கும் ஆற்றல் சில நூறு வாட்தான், ஓர் இஸ்திரிப்பெட்டிக்குக்கூடக் காணாது. சூரியன் தன் பருமனால் வாழ்கிறது. நமக்கு அந்தப் பருமன் இல்லை. ஆகவே பதினைந்து கோடி பாகைக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த வெப்பத்தில் எலக்ட்ரான்கள் கழன்று பொருள் பிளாஸ்மாவாகிவிடும். எந்தப் பாத்திரத்திலும் அதை வைக்க முடியாது என்பதால் காந்தப் புலத்தால் பிடித்து வைக்கிறார்கள். பிடிக்குள் நிற்காமல் நெளிவதும் நழுவுவதும் பிளாஸ்மாவின் குணம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர் நட்சத்திரங்களோடு நிற்கவில்லை. காந்தப் புலத்துக்குள் இருக்கும் பாய்மம் எப்போது நிலைகுலையும் என்பதைப் பற்றி 1961இல் ஒரு பெரிய நூலே எழுதினார். கெண்டலோடு சேர்ந்து அவர் 1957இல் கண்ட காந்தப்புலத் தீர்வுகளை இணைவு ஆராய்ச்சிக்காரர்கள் இன்றும் கையாள்கிறார்கள். நாம் அவரை நோபல் பரிசோடும் வெண்குறு நட்சத்திரத்தோடும் நிறுத்திக்கொண்டுவிட்டோம்.

1955 ஆகஸ்ட்டில் ஜெனிவாவில் நடந்த ஐ.நா. அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, இன்னும் இருபது ஆண்டுகளில் இணைவைக் கட்டுக்குள் கொண்டுவரும் வழி கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்று துணிந்து கணித்தார். 1958 ஜனவரியில் பிரிட்டனின் ஜீட்டா இயந்திரம் அதைச் செய்துவிட்டதாகவே நாளிதழ்கள் கொண்டாடின. சில மாதத்தில், கண்ட நியூட்ரான்கள் எதிர்பார்த்த வகையில் பிறந்தவை அல்ல என்று திருத்தம் வந்தது. பாபா சொன்ன கெடு 1975இல் முடிந்தது.

கெடு முடிந்து பத்து ஆண்டு கழித்து, 1985 அக்டோபர் மாதம், நம் நாட்டோடு தொடர்புடைய மூன்று காரியங்கள் நடந்தன. ஒன்று கோலாலம்பூரில், ஒன்று ஈப்போவில், ஒன்று லண்டனில். அன்று அவற்றைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் காரணம் இருந்திருக்காது.

கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில், பேராசிரியர் லீ சிங் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் அதற்குத் துணை நின்றது. இந்தியா, பாகிஸ்தான், இந்தோனேசியா, எகிப்து, நைஜீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளிலிருந்து இயற்பியலாளர்கள் வந்தார்கள். ஆறு மாதம், 1986 ஏப்ரல் வரை. வழக்கமாக இப்படிப்பட்ட பயிற்சிகளில் விருந்தாளிகள் பெரிய இயந்திரத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள், சான்றிதழ் வாங்குவார்கள், ஊருக்குப் போய்ப் பெருமூச்சு விடுவார்கள். லீ வேறு மாதிரி யோசித்தார். வந்தவர்கள் தங்கள் கையாலேயே ஓர் இணைவு இயந்திரத்தைக் கட்ட வேண்டும், போகும்போது அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஊரில் போய் ஓட்ட வேண்டும்.

அப்படி உருவானதுதான் பிளாஸ்மா குவிப்புக் கருவி. ஒரே ஒரு மின்தேக்கி, 30 மைக்ரோஃபாரட், 15,000 வோல்ட். ஒரு வெற்றிடக் குழல், அதற்குள் நடுவிலும் சுற்றிலும் உலோகக் கம்பிகள், கொஞ்சம் டியூட்டீரியம் வாயு. மின்தேக்கியை ஏற்றிவிட்டு ஒரே நொடியில் திறந்துவிட்டால், சில மைக்ரோவினாடிக்குள் ஒன்றரை லட்சம் ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்து, பிளாஸ்மா நடுக் கம்பியின் நுனியில் கூம்பிக் குவியும். ஒரு கணம் கோடி பாகை. அந்தக் கணத்தில் டியூட்டீரியங்கள் இணைந்து ஒரு வெடிப்புக்குப் பத்துக் கோடி நியூட்ரான் அளவில் வெளிவரும். பல்கலைக்கழகம் இருக்கும் பந்தாய்ப் பள்ளத்தாக்கில், தேசிய மின்சார வாரியத்தின் சாதாரண இணைப்பிலிருந்து, மெய்யான அணுக்கரு இணைவு.

வரவு செலவைப் பார்த்துவிட வேண்டும். உள்ளே போனது சுமார் மூவாயிரம் ஜூல். இணைவால் வந்தது ஒரு ஜூலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மூன்று கோடி வெள்ளி போட்டு ஒரு வெள்ளி எடுத்த வியாபாரம். போதாக்குறைக்கு அந்த நியூட்ரான்களில் பெரும்பாலானவை வெப்பத்தால் பிறந்தவை அல்ல, கற்றையாகப் பாய்ந்த அயனிகள் நின்ற வாயுவை மோதியதால் பிறந்தவை. ஜீட்டாவைக் கவிழ்த்த விவகாரம்தான் இதுவும். லீக்கும் அவருடைய மாணவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும், மறைக்கவும் இல்லை. 1988இல் அமெரிக்க இயற்பியல் இதழொன்றில் அவர்கள் எழுதிய கட்டுரை அந்தக் கருவியை ‘பாடம் நடத்துவதற்கான எளிய வசதி’ என்ற அளவிலேயே முன்வைக்கிறது. அதே ஆண்டில் ஆசிய ஆப்பிரிக்க பிளாஸ்மா பயிற்சிச் சங்கம் அமைந்தது. அப்துஸ் சலாம் இத்தாலியின் டிரியஸ்டேயில் நடத்திவந்த கோட்பாட்டு இயற்பியல் மையம் துணைக்கு வந்தது. டில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஆப்பிரிக்காவிலும் அந்தக் கருவியை வைத்து முனைவர் பட்டங்கள் வாங்கியிருக்கிறார்கள். மூன்றாம் உலக விஞ்ஞானம் என்றால் பெரிய நாட்டைப் பார்த்துக் கட்டிய குட்டி நகல் என்று நினைக்கும் நம் படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரியவே தெரியாது. பள்ளிப் பாடநூலில் இருந்திருக்க வேண்டிய கதை.

இனி ஈப்போ. அதே 1985 அக்டோபர் 14ஆம் நாள், ஈப்போ உயர்நீதிமன்றம் ஏஷியன் ரேர் எர்த் என்ற நிறுவனத்துக்கு ஓர் இடைக்காலத் தடை விதித்தது. கதிரியக்கக் கழிவை உற்பத்தி செய்வதையும் வைத்திருப்பதையும் நிறுத்த வேண்டும் என்று, தொழிற்சாலை இருந்த புக்கிட் மேராவின் மக்கள் கேட்டுப் பெற்ற தடை அது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அந்த நிறுவனத்தில் பங்குதாரர். தொழிற்சாலை 1982 முதல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மூலப்பொருள் எது என்றால், நம் ஈய (வெள்ளீய) லம்பங்களில், அதாவது சுரங்கங்களில், ஈயத்தை எடுத்த பிறகு மிஞ்சும் கனத்த கறுப்பு மணல். அமாங் என்பார்கள். அதில் மோனசைட் இருக்கும். மோனசைட்டில் அரியமண் தனிமங்களும் இருக்கும், தோரியமும் இருக்கும். அரியமண்ணை எடுத்துக்கொண்டால் தோரியம் கழிவாக நிற்கும். அதைத்தான் உரிய பாதுகாப்பில்லாமல் போட்டு வைத்திருந்தார்கள்.

மூன்றாவது, லண்டன். அக்டோபர் 24. அனைத்துலக ஈய மன்றத்தின் கையில் பணம் தீர்ந்து, லண்டன் உலோகச் சந்தை ஈய வியாபாரத்தை நிறுத்தியது. விலை பாதாளத்துக்குப் போனது. உலகின் முதல் ஈய நாடு என்ற பெயர் அதோடு நம்மை விட்டுப் போயிற்று. கிந்தாப் பள்ளத்தாக்கில் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. குட்டைகள் மட்டும் நிற்கின்றன.

மலாக்காவுக்கும் ஈயத்துக்கும் உள்ள உறவு பழையது. செங் ஹோவின் கப்பலில் வந்த மா ஹுவான், இங்கே ஈயக் கட்டிகளே பணமாகப் புழங்கியதை எழுதி வைத்திருக்கிறார். 1511இல் ஊரைப் பிடித்த அல்புகெர்க் ஈயக் காசு அடித்தார். அப்படிப்பட்ட ஈயத்துக்கு இணைவு உலையில் என்ன வேலை? பெரிய வேலை. பிரான்சின் கடராஷில் ஏழு தரப்பு சேர்ந்து கட்டும் ஈட்டர் உலையில் பிளாஸ்மாவைச் சுற்றி நிற்கும் முதன்மைக் காந்தச் சுருள்கள் நியோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த மீக்கடத்தி இழையால் ஆனவை. சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர் நீள இழை. நிலநடுக்கோட்டில் பூமியை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றலாம். சுழியத்துக்குக் கீழே 269 பாகை குளிரில் அது எந்தத் தடையும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும். பதினைந்து கோடி பாகைக்கும் அந்தக் குளிருக்கும் நடுவில் சில மீட்டர் தூரம்தான். எந்த லம்பத்து ஈயம் என்று இழையில் எழுதியிருக்காது.

கதை அதோடு நிற்கவில்லை. புக்கிட் மேராவில் பிரித்தெடுத்த அரியமண்ணில் முக்கியமானது இட்ரியம். அன்று வண்ணத் தொலைக்காட்சியின் சிவப்பு நிறத்துக்கு வேண்டியிருந்தது. 1987இல் இட்ரியம், பேரியம், செம்பு சேர்ந்த ஆக்சைடு ஒன்று திரவ நைட்ரஜன் குளிரிலேயே மீக்கடத்தியாகும் என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பத்து நாடாக்களைச் சுற்றித்தான் அமெரிக்காவில் எம்ஐடியும் காமன்வெல்த் ஃபியூஷன் நிறுவனமும் 2021 செப்டம்பரில் 20 டெஸ்லா காந்தத்தைச் செய்து காட்டின. ஈட்டரைவிடப் பல மடங்கு சிறிய உலையே போதும் என்று தனியார் நிறுவனங்கள் இன்று முதலீட்டாளர்களிடம் பேசுவதற்கு ஆதாரம் அந்த நாடாதான். ஆக, பழைய காந்தம் என்றால் ஈயம், புதிய காந்தம் என்றால் ஈயத்தின் எச்சத்தில் கிடைக்கும் வகை. இரண்டுமே நாம் தோண்டிக் கொடுத்த சாதி.

புக்கிட் மேராவில் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும்.  1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியம் மீண்டும் உரிமம் கொடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கை. போராட்டத்தில் முன்னின்ற உள்ளூர்க்காரர்களும், மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து அடைக்கப்பட்டார்கள். குழந்தைகளையும் பெண்களையும் பரிசோதித்து, நோய் அதிகம் என்று சொன்ன மருத்துவர் ஜெயபாலனும் தமிழர்தான். பாதிக்கப்பட்ட ஊர் பெரும்பாலும் சீனர் ஊர். ரத்தப் புற்றுநோயும் கருச்சிதைவும் கூடின என்று ஊர் சொன்னது, நிறுவனம் கடைசிவரை மறுத்தது. 1992 ஜூலை 11இல் உயர்நீதிமன்றம் தொழிற்சாலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது, குறை இருந்தால் உரிம வாரியத்திடம் போயிருக்க வேண்டும் என்றது. வென்ற நிறுவனம் 1994இல் தானாகவே கடையை மூடிவிட்டுப் போனது. கழிவை அள்ளி மலையில் புதைக்கும் வேலை அதன்பிறகு பல ஆண்டு நடந்தது.

தோரியக் கழிவுக்கும் இணைவுக்கும் என்ன தொடர்பு என்று இயற்பியல் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இணைவு உலையில் யுரேனியமோ தோரியமோ இல்லை. தொடர்வினையும் இல்லை. செர்னோபில்லில் நடந்தது இங்கே நடக்கவே முடியாது, இதைத் தயங்காமல் சொல்லலாம். ஈட்டர் போன்ற பெரிய உலையிலும் ஒரு சமயத்தில் தீயில் இருக்கும் எரிபொருள் ஒரு கிராமை எட்டாது. எங்காவது சின்னக் கோளாறு என்றாலும் பிளாஸ்மா குளிர்ந்து அணைந்துவிடும். அணையாமல் பார்த்துக்கொள்வதுதான் எழுபது ஆண்டுப் போராட்டமே. திடீரென்று பிளாஸ்மா குலைந்தால் கோடிக்கும் மேலான ஆம்பியர் மின்னோட்டம் மில்லிவினாடிகளில் விழும், சுவர் உருகிப் பள்ளமாகும். நஷ்டம் முதலாளிக்கு. பக்கத்துக் கம்பத்தில் யாரும் வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை.

டிரிட்டியம்தான் தொல்லை. அது ஹைட்ரஜன் என்பதால் எதற்குள்ளும் நுழையும். சூடான எஃகுக்குள்கூட, மண்பானைச் சுவரில் நீர் கசிவதுபோல ஊறி வெளியே வரும். ஆக்சிஜனோடு சேர்ந்தால் தண்ணீராகிவிடும். அதன் கதிர் பலவீனமானது, தோலைத் துளைக்காது. ஆனால் குடித்தால் உடம்பெல்லாம் பரவும், சிறுநீரில் வியர்வையில் வெளியேறும்வரை இருக்கும். 2023 ஆகஸ்ட் 24இல் ஃபுகுஷிமாவிலிருந்து சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியபோது அதில் எஞ்சியிருந்த முக்கியமான கதிர்ப்பொருள் இந்த டிரிட்டியம்தான். அளவு மிகக் குறைவு, அனைத்துலக அணுசக்தி முகமையும் ஒப்புக்கொண்டது. இருந்தும் சீனா ஜப்பானிய மீனைத் தடை செய்தது. ஜப்பானிய மீனவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். உம்பாயிலும் பெர்ணுவிலும் செர்க்காமிலும் சனி ஞாயிறு என்றால் சுட்ட மீன் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. சிங்கப்பூர் வண்டிகளும் நிற்கும். கரையோரம் ஓர் இணைவு உலை வந்து, ஒரு நாள் கொஞ்சம் டிரிட்டியம் கசிந்தது என்று கைப்பேசியில் செய்தி வந்தால், அந்தக் கடைகள் எத்தனை மாதம் தாங்கும்? கதிரால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. கடைக்காரருக்கு ஆகியிருக்கும். பொறியாளர்களின் ஆபத்துக் கணக்கில் இதற்கு ஒரு பத்தி இல்லை என்பது எனக்கு உறுத்தல்.

அடுத்தது எஃகு. இணைவில் பிறக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் தூக்கிக்கொண்டு போகிறது. 14.1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். காந்தத்துக்கு அது கட்டுப்படாது, நேராகச் சுவரில் போய் இடிக்கும். சுவரின் அணுக்கள் இடம் பெயரும், எஃகு வீங்கும், நொறுங்கும் தன்மைக்கு வரும், கதிரியக்கமும் ஏறும். சில ஆண்டுக்கொரு முறை உள்சுவரைக் கழற்றி மாற்ற வேண்டும். கழற்றியது குப்பை. எந்தத் தனிமம் கலந்த எஃகு என்பதைப் பொறுத்து அந்தக் குப்பை நூறு ஆண்டில் அடங்கும், அல்லது ஆயிரக்கணக்கான ஆண்டு நிற்கும். நியோபியமும் மாலிப்டினமும் இருந்தால் நீண்ட காலம். அவற்றை எடுத்துவிட்டு டங்ஸ்டனும் டான்டலமும் சேர்த்த எஃகைப் பல நாடுகள் செய்கின்றன. இந்தியாவின் வகையை உருவாக்கியதில் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஒன்பது விழுக்காடு குரோமியம், 1.4 டங்ஸ்டன், சிட்டிகை டான்டலம். இந்த வகை வேலையில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. நாளிதழில் வருவது எப்போதும் பிளாஸ்மாவின் ஊதா வெளிச்சம்தான். இணைவு மின்சாரம் வருமா வராதா என்பதை எஃகு முடிவு செய்யும் என்று நான் நினைக்கிறேன்.

சாதனைகள் இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவின் லேசர் நிலையம் 2022 டிசம்பர் 5இல், இலக்கில் பட்ட 2.05 மெகாஜூல் லேசருக்கு 3.15 மெகாஜூல் இணைவாற்றலை எடுத்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அந்த லேசரைச் சுட, சுவர் இணைப்பிலிருந்து 300 மெகாஜூல் இழுத்தார்கள் என்பது உள்பக்கச் செய்தி. நம் மின்கட்டண மொழியில், 83 யூனிட் செலவழித்து ஒரு யூனிட்டுக்குக் குறைவாக வரவு. இங்கிலாந்தின் ஜெட், 2023 அக்டோபர் 3இல், 0.2 மில்லிகிராம் எரிபொருளில் ஐந்து வினாடி எரிந்து 69 மெகாஜூல் கொடுத்தது. அது 19 யூனிட். பிரான்சின் வெஸ்ட் இயந்திரம் 2025 பிப்ரவரியில் பிளாஸ்மாவை 22 நிமிடம் விடாமல் பிடித்து வைத்திருந்தது. லீயின் மைக்ரோவினாடிகளை நினைத்தால் இது மலை ஏறிய தூரம்.

ஈட்டர் மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது. 2006 நவம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம். இந்தியா 3,850 டன் எடையுள்ள வெளிப்புறக் குளிர்க்கலனை ஹசிராவில் செய்து கப்பலேற்றிக் கொடுத்துவிட்டது. 2022இல் வெப்பத் தடுப்பின் குளிர்விப்புக் குழாய்களில் வெடிப்பு கண்டார்கள். பற்றவைத்த பின் தங்கிப்போன குளோரின் செய்த அரிப்பு. வெற்றிடக் கலனின் துண்டுகளும் அளவு பொருந்தவில்லை. கழற்றி, பழுது பார்த்து, மறுபடி பூட்டுகிறார்கள். 2024இல் வெளியிட்ட புதிய கால அட்டவணைப்படி டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேர்ந்து எரியப்போவது 2039இல். அப்போதும் அது மின்சாரம் தராது, அது ஒரு சோதனை உலை. பதினைந்து கோடி பாகைத் தீயை ஏறக்குறைய வசப்படுத்தியவர்களைக் குழாய்ப் பற்றவைப்பு தடுக்கி விழுத்தியிருக்கிறது. எனக்கு இதில் கேலி இல்லை, கொஞ்சம் ஆறுதல்கூட உண்டு. தோட்டத்து ஸ்டோரில் இஞ்சின் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்தி அதிசயமாக இருந்திருக்காது.

அம்மா பால் மரம் வெட்டிய காலத்தில் தோட்டத்து இஞ்சின் மாலையில் உறுமத் தொடங்கும், இரவு பத்து மணிவாக்கில் அடங்கும். லயத்தில் வீட்டுக்கு ஒரு பல்பு. துரை பங்களாவில் அதற்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும். பிற்பாடு தேசிய மின்சார வாரியத்தின் உயர்ந்த கம்பங்கள் ரப்பர் காட்டுக்கு நடுவே போயின. கம்பி தலைக்குமேலே போக, கீழே மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த லயங்கள் பல இருந்தன. மின்சாரம் நாட்டில் பற்றாமல் இல்லை. லயம் என்பது முதலாளியின் நிலம், இணைப்புக்கு யார் பணம் கட்டுவது என்பதில் இழுபறி. இன்று ஜாசினிலும் மெர்லிமாவிலும் அந்த நிலம் செம்பனையாகிவிட்டது, ஆட்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள், எல்லோர் வீட்டிலும் மீட்டர் ஓடுகிறது. ஆனால் ‘எல்லையற்ற ஆற்றல்’ என்று யாராவது சொன்னால் என் மனம் முதலில் கம்பியைத்தான் பார்க்கிறது, யார் வீட்டு வழியாக எங்கே போகிறது என்று.

மலாக்காவின் இன்றைய கம்பி எங்கிருந்து வருகிறது? அலோர் காஜாவில் 2022 முதல் ஓடும் 2,242 மெகாவாட் எரிவாயு நிலையம் எட்ரா நிறுவனத்துடையது. எட்ராவை 2016இல் 1எம்டிபியிடமிருந்து வாங்கியது சீனப் பொது அணுசக்தி நிறுவனம். அணு உலை கட்டுவதே தொழிலாக உள்ள ஒரு நிறுவனம் ஏற்கெனவே நம் மாநிலத்தில் மின்சாரம் விற்றுக்கொண்டிருக்கிறது, எரிவாயுவில். சீனா ஹெஃபேயில் இணைவுக்குக் கொட்டும் பணத்தைப் பார்த்தால், ஒருவேளை இணைவு நிலையம் இந்தப் பக்கம் வரும் நாளில் அது எந்தத் துறைமுகத்திலிருந்து வரும் என்று ஊகிக்கலாம். 2018இல் பிரதமராக இருந்த மகாதீர் அணு மின்நிலையம் வேண்டாம் என்றார். 2025 ஜூலை இறுதியில் தாக்கலான பதின்மூன்றாவது மலேசியத் திட்டத்தில் அணுசக்தி திரும்ப வந்திருக்கிறது. அங்கே பேசப்படுவது பிளவு, இணைவு அல்ல. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மக்களிடம் விளக்க வேண்டும் என்று இயற்பியல் நண்பர்கள் சொல்கிறார்கள். விளக்கட்டும், நானும் கூட வருகிறேன்.

வித்தியாசத்தைச் சட்டமும் ஒப்புக்கொள்ளத் தொடங்கிவிட்டது. 2023 ஏப்ரலில் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம், இணைவு இயந்திரங்களை அணு உலை விதிகளின்கீழ் கொண்டுவராமல், மருத்துவமனைத் துகள் முடுக்கிகளுக்கு உள்ளதுபோன்ற விதிகளின்கீழ் வைப்பது என்று முடிவெடுத்தது. பிரிட்டனும் அதே ஆண்டு சட்டம் இயற்றி இணைவு நிலையங்களை அணு உலை உரிமத்திலிருந்து விலக்கியது. இயற்பியல்படி இது சரியான முடிவு. மையத்துத் தீக்கு உலை விதி தேவையில்லை. இங்கே மட்டும் எனக்கு ஒரு நினைவு குறுக்கே வருகிறது. ஏஷியன் ரேர் எர்த்தும் அணு உலை இல்லை. அது ஓர் உலோகத் தொழிற்சாலை, கழிவு மெல்லிய கதிரியக்கம் கொண்டது என்றுதான் சொன்னார்கள்.

நம்மிடம் இருப்பது 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம். புக்கிட் மேராத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தபோதே இயற்றியது. அந்தச் சட்டம் அமைத்த வாரியத்திடம் போங்கள் என்றுதான் 1993இல் உச்சநீதிமன்றம் ஊராரைத் திருப்பி அனுப்பியது. பத்தோ இருபதோ ஆண்டு கழித்து இணைவுக்கு இங்கே ஒரு விதித்தொகுப்பு எழுதப்படும்போது, பிளாஸ்மாவின் வெப்பத்தைப் பற்றி அதில் அதிகம் இருக்க வேண்டியதில்லை. எத்தனை கிராம் டிரிட்டியம் வந்தது, எத்தனை போனது என்ற கணக்கை வாரந்தோறும் ஊர் மன்றத்தில் ஒட்ட வேண்டும். கழற்றிய சுவர் எஃகை எந்தக் கொட்டகையில், எத்தனை ஆண்டு, யார் செலவில் வைப்பது என்று உரிமம் கொடுப்பதற்கு முன்பே எழுத வேண்டும். காந்த நாடாவுக்கு வேண்டிய அரியமண் குவாந்தான் பக்கத்து கெபெங்கில் பிரிக்கப்பட்டதென்றால், அங்கே நிற்கும் தோரியக் கழிவும் அந்த மின்சாரத்தின் கணக்கில் ஏற வேண்டும். சுட்ட மீன் கடைக்காரர் நஷ்ட ஈடு கேட்க எந்த மேசைக்குப் போவது என்பதற்கும் ஒரு பிரிவு வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த இயற்பியலாளர்களுக்கு இங்கே பஞ்சம் இல்லை. லீயும் அவருடன் பணியாற்றிய சோ சோர் ஹியோவும் நீலாயில் உள்ள இன்டி (INTI) பல்கலைக்கழகத்தில் அந்தச் சின்னக் கருவியின் வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். அதன் கணினி மாதிரியை உலகில் யாரும் காசில்லாமல் இறக்கிக்கொண்டு ஓட்டிப் பார்க்கலாம், உம்பாயில் இருக்கும் ஆறாம் படிவ மாணவரும்கூட.